ஆள்

ராஜா என்று எழுதக் கூடாது,
ஆள் என்று எழுது என்றார் துரை.
எழுதினேன்.
தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு.
அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

வேதாளை உப்பு பங்களாவில் வைத்திருக்கும் ஆளுக்கு
மாதப்படி நாற்பது ரூபாய்.
அரிசி, விறகு, விளக்கெண்ணெய்,
வாசலில் நிற்கும் டாணாக்காரனின் சுருட்டு.
அதுவும் இந்தக் கணக்கில்தான்.

ஊர்ப் பேர் கேட்டேன்.
சொன்னதில் பாதி அவர் மூக்கிலேயே நின்றது.
மொம்பாசாவுக்கு மூன்று நடை போய்வந்த நூகு லெப்பை
கிடாம்பே என்று வைத்துக்கொள்ளும் ஓய் என்றான்.
வைத்துக்கொண்டேன்.
ஏழு மலை, ஒரு ஏரி, மாடு எத்தனை என்று தெரியாது.
அதுதான் வழக்கே.
மாட்டுக்கு ஒரு ரூபாய் வரி கேட்டு வந்தவர்களிடம்
எண்ணின மாடு சினை பிடிக்காது என்று சொன்னாராம்.

இங்கே அவரை எண்ணினேன்.
காலை ஆறு மணிக்கு ஒன்று.
மாலை ஆறு மணிக்கு ஒன்று.

சாப்பாட்டில்தான் சிக்கல் வந்தது.
ஆள் பட்டினி கிடந்து செத்தால்
மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்,
அதனால் வேளை தவறாமல்
தின்றதைக் கண்ணால் பார்த்துக் குறிக்க உத்தரவு.
அவர் நாட்டிலோ
ராஜா வாய் திறந்து உண்பதை
முலை மறந்தபின் பெற்றவளும் பார்த்ததில்லை.
ஐந்து நாள் பார்த்தேன்.
ஐந்து நாளும் தட்டு வைத்தபடியே.
சூடைக் குழம்பு ஆடை கட்டி, ஈ மொய்த்து,
நாய்க்குப் போனது.
ஆறாம் நாள் நம்புநாச்சி
தட்டை வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.
"ரைட்டரே, கடலைப் பாரும்."
பார்த்தேன்.
முயல் தீவுப் பக்கம் இரண்டு சங்குத் தோணி.
ஒன்றின் பாயில் தலைகாணி அளவுக்கு ஒட்டு.
பின்னால் தட்டு தரையில் உரசும் சத்தம்,
பிறகு முள்ளை ஒதுக்கும் சின்னச் சத்தம்.

ஆள் சாப்பிட்டார் என்று எழுதினேன்.
இங்கிலீஷில் பெயர்த்தபோது
அந்த ர் எங்கே உதிர்ந்ததோ, தெரியாது.
இந்தச் சந்தியாகு சர்க்காருக்கு எதிராகச் செய்தது
அந்த ஒரு எழுத்து.

நடக்க அனுமதி கிணற்றடி வரை.
அதைத் தாண்டி நாற்பது எட்டில்
தர்காவுக்குப் பின்னால் பப்பரப்புளி,
ஆறு பேர் கைகோத்தாலும் எட்டாத தூர்.
முதல் நாள் பார்த்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.
வெயில் ஏறியும் நகரவில்லை.
நூகு லெப்பையிடம் ஏதோ கேட்டார்.
என்னவாம்?
"இதை யார் நாடு கடத்தினது என்கிறார்."
அரபுக்காரன் கப்பலில் குதிரையோடு வந்தது என்பார்கள் ஊரில்.
அது பதிலாகுமா என்று எனக்குப் படவில்லை,
சும்மா இருந்தேன்.

எல்லையை நாற்பது எட்டு தள்ளச் சொல்லி மனு போட்டோம்.
இல்லை என்று வர நாலு மாதம் பிடித்தது.
அதற்குள் காய் முற்றி,
நம்புநாச்சி ஒன்றை மடியில் கட்டிவந்து போட்டாள்.
படிக்கல்லில் அவரே உடைத்தார்.
உள்ளே கிளிஞ்சல் சுண்ணாம்பு போல வெள்ளைச் சதை.
ஒரு துண்டை வாயில் போட்டார்.

கதவு திறந்திருந்தது.
நாங்கள் மூன்று பேர், டாணாக்காரன் ஒருவன்,
யாருக்கும் கடலைப் பார்க்கத் தோன்றவில்லை.
புளிப்பில் அவர் முகம் கோணியது,
ஒரு கண் மூடிக்கொண்டது.
மீதியைப் பிய்த்து எங்களிடம் நீட்டினார்.
ஆளுக்கு ஒன்று.

பேரேட்டில் அதை ஏற்றவில்லை.
விலையில்லாத பண்டம்.

மாசியில் வேறு தீவுக்குக் கப்பலேற்றினார்கள்.
எந்தத் தீவு என்று எனக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.
ஆள் மாற்றம், கணக்கு முடிந்தது,
சிவப்பு மையில் இரண்டு கோடு.

பங்குனியில் மதுரையிலிருந்து தணிக்கைக்காரர் வந்தார்.
எல்லாம் சரியாக இருந்தது, ஒரு வரி தவிர.
திரைச்சீலை, கெட்டி நெசவு, மூன்று கஜம்.
எதற்கு என்றார்.

மணல் காற்றுக்கு என்றேன்.
வேதாளையில் மணல் காற்று அடிப்பது
அவர் பல்லிலும் நறநறத்தது.
தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.